அறுபது பேருக்கு

மணப்பெண்ணின் முதல் கேள்வி: "மழை வருமா?"
சாவ் மிகேல் தீவில் யாரும் அப்படிக் கேட்பதில்லை.
இன்று எத்தனை தடவை என்றுதான் கேட்போம்.
"வராது" என்று எழுதி
அழித்துவிட்டு
"குடை நாங்களே தருகிறோம்" என்று அனுப்பினேன்.

பதினோரு மாதம்.
யூட்ரெக்டில் அவள், ஃபெம்கே.
ஃபுர்னாஸில் நான், தியோலிந்தா.
நடுவில் ஓர் அட்டவணை
கட்டம் கட்டமாய்ப் பெருத்துக்கொண்டிருந்தது.

சனி: நண்பகலில் திருமணம், ஒரு மணிக்குப் பந்தி.
ஞாயிறு: சுடுநீர்க் குளம்.
வெள்ளை நீச்சலுடை வேண்டாம் என்று சிவப்பில் எழுதினேன்,
அந்த இரும்புத் தண்ணீர் துருவாய் ஏறினால்
எந்தச் சோப்புக்கும் இறங்காது.
திங்கள்: திமிங்கிலம்.
படகுக்கார குவால்தெர் வாக்குத் தரமாட்டேன் என்றான்.
"கடல் என்ன என் மாமனார் வீடா,
போனதும் வாசலுக்கு வந்து கூப்பிட?"
பிறகு தேயிலைத் தோட்டம், அன்னாசி வளரும் கண்ணாடி வீடு,
இரட்டை ஏரி, ஒன்று பச்சை ஒன்று நீலம்,
மேகம் விலகினால்.
விலகாவிட்டால்
கடையில் அஞ்சலட்டை இருக்கிறது.

முந்தின நாளே வரச் சொல் என்று மூன்று முறை எழுதினேன்.
வெள்ளிக்கிழமை யாருக்கும் விடுப்பில்லையாம்.

சைவர் ஏழு பேர். கோதுமை ஆகாதவர் இருவர்.
மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு
வெங்காயம் வாடைகூட ஆகாது.
எல்லாவற்றையும் எதுயினோவிடம் வாசித்தேன்.
முப்பது வருடமாய் மண்ணுக்குள் சமைப்பவன்.
"எழுதிக்கொடு, பூமியிடம் காட்டுகிறேன்" என்றான்.

சனி விடியல் ஐந்து மணி, ஏரிக்கரை.
மாடு, பன்றி, கோழி, இரத்தத் தொத்திறைச்சி,
முட்டைக்கோசு, சேம்பு, சர்க்கரைவள்ளி.
ஏழு பேருக்குக் காய் மட்டும், தனியாக.
சொட்டுத் தண்ணீர் விடாமல் அடுக்கி
துணி சுற்றி
ஆறு அண்டாக்களையும் குழிக்குள் இறக்கி மண் மூடினோம்.
மேலே பலகை நட்டோம்: ஃபெம்கே, யோரிஸ்.
தெரியாதவர் பார்த்தால் கல்லறை என்பார்கள்.
விறகு இல்லை. தீ இல்லை.
எரிமலையின் வயிற்றெரிச்சலில் வேகிற சாப்பாடு.

எட்டு மணிக்குத் தொலைபேசி.
ஓடுபாதையைப் பனி தின்றுவிட்டது.
நாற்பத்து நான்கு பேரோடு விமானம்
சாந்தா மரியாவில் இறங்கியிருக்கிறது.
பக்கத்துத் தீவுதான்.
பசிக்கு அது பக்கமில்லை.

குழியை அணைக்க ஒரு பொத்தானும் கிடையாது.
பதினொன்றுக்கு மேல் வைத்தால் குழைந்துபோகும் என்று
எதுயினோ கொக்கியைத் தூக்கிக்கொண்டு நின்றான்.
ஃபெம்கே சமையலறைப் படியில்
செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள்.
அழுவாள் என்று கைக்குட்டை எடுத்தேன்.
அட்டவணையைக் கேட்டாள். கொடுத்தேன்.
பேனா கேட்டாள்.
வராதவர்களை ஒவ்வொருவராய் அடித்தாள், அவசரமே இல்லாமல்.
அப்புறம்:
"இந்தத் தெருவில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்?"

ரொட்டி சுடும் சுல்மீரா மாவுக் கையோடு வந்தாள்.
குளத்தில் சீட்டுக் கிழிப்பவர் வந்தார்.
விமான நிலையத்தில் பெயர்ப்பலகை பிடித்துக் காத்திருந்த
டாக்சிக்காரர், பலகையோடே வந்தார்.
ஊர் பேண்டு வாத்தியக்காரர்கள் ஒன்பது பேர்,
யாரும் வாசிக்கச் சொல்லாமலே வாசித்தார்கள்,
யாரும் நிறுத்தச் சொல்லியும் நிறுத்தவில்லை.
சித்தப்பாவின் இடத்தில் குவால்தெர்.
முதல் வாய் வைத்தான்,
"இதில் வெங்காயம் எங்கே?" என்றான்.
எதுயினோ அன்றுதான் நாற்காலியில் உட்கார்ந்து
தன் சமையலைச் சூடாகச் சாப்பிட்டான்.
ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டாம் முறை வாங்கிக்கொண்டான்.

ரசீதில் "அறுபது பேருக்கு" என்றே எழுதினேன்.

ஞாயிறு மதியம் பனி விலகி
நாற்பத்து நான்கு பேரும் வந்து சேர்ந்தார்கள்,
கசங்கிய பட்டுச் சட்டைகளோடு,
ஒருத்தி பையில் வெள்ளை நீச்சலுடையோடு.
கடைவாசலில் சுல்மீரா அவர்களை நிறுத்தி
ஆளுக்கொரு ரொட்டியைத் திணித்துவிட்டு
மேலும் கீழும் பார்த்துக் கேட்டாள்:
"எங்கள் பெண்ணுக்கு
நீங்கள் என்ன உறவு?"